அளந்து ஊற்றுகிறவர்கள்

(சேரி இரவுப் பாடசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. அவசரத்தில் சொன்ன சில கணக்குகளை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.)



பஞ்சமி நிலம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் நெட் பற்றிப் பேசப் போகிறேன். மேடைக்கு வருமுன் இதைச் சொன்னதும், கூட்டம் ஏற்பாடு செய்த தோழருக்கு முகம் சுருங்கிப் போச்சு. "அது கம்பெனிக்காரன் சமாச்சாரம்ணே, நமக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். நமக்கு அதில் என்ன இருக்கு என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

2020-இல் கொரோனா முடக்கம். பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்தது. என் தங்கச்சி வீட்டில் பிள்ளைகள் இரண்டு, போன் ஒன்று. பெரியவள் பத்தாவது. காலையில் ஒன்பதரைக்குப் போனோடு உட்காருவாள். பதினொன்றரைக்கெல்லாம் என்னிடம் ஓடி வருவாள். "மாமா, நெட் தீந்துபோச்சு." ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. வீடியோ வகுப்பு மணிக்கு அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை தின்னும். இரண்டு பாடத்தோடு சரி. அதுக்கப்புறம் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸாகக் குறைத்துவிடுவார்கள். அந்த வேகத்தில் ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். வாத்தியார் அனுப்பின இருபது எம்பி பாடக் குறிப்பு இறங்க நாற்பது நிமிஷம். சின்னவனுக்கு வகுப்பு மத்தியானம் இரண்டு மணிக்கு. அவனுக்கு வகுப்பே கிடையாதுன்னு ஆயிடுச்சு.

"தீந்துபோச்சு" என்கிற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். பானையில் அரிசி தீரும். விளக்கில் எண்ணெய் தீரும். நெட்டில் என்ன தீர்ந்தது? ஒன்றுமே தீரவில்லை தோழர்களே. கம்பெனிக்காரனுக்குச் செலவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குழி தோண்டிக் கேபிள் போடுகிறான், டவர் கட்டுகிறான், மின்சாரம், ஆள் சம்பளம். இதெல்லாம் நாம் பார்த்தாலும் உண்டு, பார்க்காவிட்டாலும் உண்டு. ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்களே, அந்த நெரிசலைத் தாங்குகிற அளவுக்குக் கம்பியும் பெட்டியும் வைத்தாக வேண்டும். அதுதான் செலவு. நடு ராத்திரி இரண்டு மணிக்குச் சும்மா கிடக்கிற கம்பியில் ஒரு ஜிபி ஓடினால் அவனுக்கு ஆகிற கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனாலும் நம்மிடம் ஜிபி கணக்கில்தான் அளக்கிறார்கள்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். போனுக்கு வருகிற நெட் காற்று வழியாக வருகிறது. ஒரு டவரின் அலைவரிசையை அதைச் சுற்றியிருக்கிற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பத்துப் பேர் நாள் முழுக்கப் படம் பார்த்தால் பதினோராவது ஆளுக்குப் போன் திணறும். அங்கே ஒரு வரம்பு வைப்பதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு என்று ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வருகிற ஃபைபர் கேபிளில் அந்த நெருக்கடி வெகு குறைவு. அப்படியென்றால் கேள்வி வேற இடத்துக்குப் போகிறது. யார் வீட்டுக்குக் கேபிள் வந்தது? யார் வீட்டுக்கு வரவில்லை?

கணக்கைப் பாருங்கள். ஜியோ 2020-இல் அறிவித்த வீட்டுக் கேபிள் திட்டம் மாசம் 399 ரூபாய், வரியோடு 471. 'அளவில்லாதது' என்று விளம்பரம். அதற்கும் ஒரு அளவு இருந்தது. மாசம் 3300 ஜிபி. இப்போது நம்ம தெருவுக்கு வாங்க. 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் எல்லாம் ஒன்றுபோலக் கட்டணத்தை ஏற்றினார்களே, அப்போது தினம் ஒன்றரை ஜிபி தருகிற ஜியோவின் 28 நாள் திட்டம் 239-இலிருந்து 299 ஆனது. மொத்தம் 42 ஜிபி. ஒரு ஜிபிக்கு ஏழு ரூபாய்க்கு மேல். வீட்டுக் கேபிள்காரருக்கு முழுசாகப் பயன்படுத்தினால் பதினாலு பைசா. யாரும் 3300 ஜிபியைத் தீர்க்க மாட்டார்கள் என்பீர்கள். சரி, மாசம் 200 ஜிபி மட்டும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு ரூபாய் சொச்சம்தான். அந்த வீட்டுப் பிள்ளைக்கு 'தீந்துபோச்சு' என்கிற சொல்லே தெரியாது.

கடைசிப்படி இன்னும் கீழே இருக்கிறது. ஒன்றரை ஜிபி முடிந்த பிறகு அவசரத்துக்கு ஒரு ஜிபி போட்டுக்கொள்கிறோமே, அது அதே 2024 ஜூலையில் 15 ரூபாயிலிருந்து 19 ரூபாய் ஆனது. பதினாலு பைசாவுக்குப் பத்தொன்பது ரூபாய் எத்தனை மடங்கு என்று பாடசாலைப் பிள்ளைகளிடம் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நூற்று முப்பதைத் தாண்டியது. கடையில் எண்ணெயைப் பொட்டணமாக வாங்குகிறவளுக்குத்தான் லிட்டர் விலை அதிகம் என்பது நம்ம அம்மாக்களுக்குத் தெரிந்த கதை. மாசம் என்று சொல்லாமல் 28 நாள் என்று வைத்திருப்பதும் சும்மா இல்லை. வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை போட வேண்டிய ரீசார்ஜ் பதிமூணு தடவை ஆகிறது. 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். கையில் கிடைத்தது எவ்வளவு என்பது வேற கதை.

அளவு முடிந்த பிறகும் வித்தியாசம் தொடர்கிறது. வீட்டுக் கேபிள் வாடிக்கையாளருக்கு, வரம்பு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று 2016 அக்டோபரில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. அதில் போன்காரருக்கு அப்படி ஒரு அடிமட்டம் வைக்கப்படவில்லை. அதனால்தான் நம்ம பிள்ளைக்கு 64. எட்டில் ஒரு பங்கு.

சரி, கேபிள் இழுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தேன். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் ஃபைபர் கொண்டுபோகிற திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் கொடுத்தது. பின்னால் அதற்கு பாரத்நெட் என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஊராட்சிகள். திட்டத்தைக் காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஊராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது? ஊரில் இருக்கிறது. சேரியில் ஊராட்சி அலுவலகம் இருக்கிற கிராமம் எத்தனை என்று இங்கே வந்திருக்கிறவர்களே கைதூக்கிச் சொல்லுங்கள். (இரண்டு கை உயர்ந்தது.) அங்கிருந்து வீட்டுக்கு வீடு போவது வியாபாரம். அது கேபிள்காரர் முடிவு.

எங்க ஊரில் அவர் ஊர்த்தெருக் கடைசி வீடு வரைக்கும் இழுத்திருந்தார். அங்கிருந்து சேரிக்கு அறுநூறு மீட்டர். போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "அந்தப் பக்கம் போஸ்ட் இல்ல சார்" என்றார். மின்கம்பம் ஏழு இருக்கே என்றேன். "பத்து வீடு சேர்ந்து மூணு மாசம் முன்பணம் கட்டினா யோசிக்கலாம்" என்றார். ஊர்த்தெருவில் யாரிடமாவது மூணு மாசம் முன்பணம் வாங்கினீங்களா என்று கேட்டேன். சிரித்தார். "அவங்க தெரிஞ்சவங்க சார். உங்க ஆளுங்க மாசாமாசம் கட்டுவாங்கன்னு என்ன நிச்சயம்?" அவர் சாதிவெறி பிடித்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். நம்ம பையன் ஒருவனை வேலைக்கும் வைத்திருக்கிறார். அந்தப் பையன்தான் ஊர்த்தெரு வீடுகளுக்கெல்லாம் ஏணி போட்டு ஏறிக் கேபிள் இழுத்தவன். ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, தார் ரோடு இதெல்லாம் எந்த இடத்தில் வந்து நின்றதோ அதே இடத்தில் கேபிளும் வந்து நிற்கிறது. இதற்குத் தனியாக யாரும் வெறி பிடித்திருக்கத் தேவையில்லை.

இங்கேதான் ஒரு பழைய சண்டையைச் சொல்ல வேண்டும். ஏழைகளுக்கு அளக்காத நெட் தருகிறோம் என்று ஒருத்தர் வந்தார். ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஜக்கர்பெர்க். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட் டாட் ஆர்க் என்று இங்கே தொடங்கினார்கள். முதலில் வந்த மாநிலங்களில் நம்ம தமிழ்நாடும் ஒன்று. அதே வருஷம் செப்டம்பரில் பெயர் ஃப்ரீ பேசிக்ஸ் ஆனது. சில தளங்களை மட்டும் பார்க்கலாம். பார்த்தால் காசு இல்லை, கணக்கில் ஏறாது. ஃபேஸ்புக் உண்டு. வீடியோ கிடையாது. எந்தத் தளம் உள்ளே வரலாம் என்பதற்கு நிபந்தனை போடுவது ஃபேஸ்புக். நாம் பார்ப்பதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போய் வரும். அதே சமயம் ஏர்டெல்லும் இன்னொரு வழியில் வந்தது. 2015 ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ. தளத்துக்காரன் ஏர்டெல்லுக்குப் பணம் கட்டினால் அவன் தளம் மட்டும் வாடிக்கையாளர் கணக்கில் ஏறாது.

எதிர்ப்பு பெரிசாகக் கிளம்பியது. பத்து லட்சத்துக்கு மேல் மின்னஞ்சல் டிராய்க்குப் போனது. ஃபேஸ்புக் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தது. 2015 டிசம்பரில் ஜக்கர்பெர்க்கே கட்டுரை எழுதினார். நூலகத்தில் எல்லாப் புத்தகமும் இல்லை, ஆனாலும் நூலகம் நல்லதுதானே என்று வாதம். ஒரு மகாராஷ்டிர விவசாயியை உதாரணம் காட்டினார். அம்பேத்கர் 1927 மார்ச் 20-இல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்த மகாராஷ்டிரம். அன்றைக்கு அவரிடம் யாராவது வந்து, "பொதுக்குளம் எதுக்கு, உங்களுக்குன்னு ஒரு தொட்டி கட்டி இலவசமா ஊத்துறோம்" என்று சொல்லியிருந்தால்? டீக்கடையில் தனிக் குவளை வைக்கிறவனும் டீ இல்லை என்று சொல்வதில்லையே.

2016 பிப்ரவரி 8-இல் டிராய் தடை போட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்துக் கட்டணத்தில் பேதம் காட்டக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். சில நாளிலேயே ஃபேஸ்புக் கடையைக் கட்டிக்கொண்டு போனது. கோபத்தில் அதன் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி எதிர்ப்பினால்தான் இந்தியர்கள் பொருளாதாரத்தில் கெட்டுப் போனார்கள் என்கிற மாதிரி எழுதிவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டார். மனசில் இருந்தது வெளியே வந்தது.

அந்தத் தடையை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். அதைச் சொன்ன பிறகுதான் என் வருத்தத்தைச் சொல்ல முடியும். அந்தப் பத்து லட்சம் மின்னஞ்சல் எங்கிருந்து போச்சு? ஏற்கெனவே நெட் இருந்தவர்களிடமிருந்து. எல்லாத் தளமும் சமம் என்று போராடி வென்றார்கள். வென்றதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தளங்களுக்குச் சமத்துவம் கிடைத்தது. பார்க்கிற ஆட்களுக்கு? அந்த எதிர்ப்பில் முன்வரிசையில் இருந்த நண்பர் ஒருவரிடம், தனிக் குவளையை உடைச்சீங்க, சந்தோஷம், சேரியில் ஒரு ஜிபி ஏழு ரூபாய், ஊரில் பதினாலு பைசா, இதுக்கு ஏன் ஒரு மின்னஞ்சலும் போகல என்று கேட்டேன். "அது விலை விஷயம், கொள்கை விஷயம் இல்லை" என்றார். கூலி கேட்டு நின்ற காலத்திலிருந்து நமக்கு இந்தப் பதில் பழக்கம்தான்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து மறு வருஷம் மார்ச் வரைக்கும் இலவசமாகக் கொடுத்ததே, அதனால்தானே சேரியில் நெட் வந்தது என்று தம்பிகள் சொல்வார்கள். உண்மை. அதற்கு முன் ஒரு ஜிபி இருநூறு ரூபாய்க்கு மேல் விற்றது. விலை விழுந்தது நமக்கு லாபம். ஆனால் பழக்கிவிட்ட பிறகு 2019, 2021, 2024 என்று மூன்று தடவை ஏற்றினார்கள். விழுந்த விலையும் சரி, ஏறின விலையும் சரி, யாரும் நம்மைக் கேட்டுச் செய்யவில்லை.

கேரளத்தில் அரசாங்கமே கேபிள் போட்டு 2023 ஜூனில் கே-ஃபோன் தொடங்கியது. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றார்கள். முதலில் எடுத்துக்கொண்டது தொகுதிக்கு நூறு குடும்பம். சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் நடுவில் தூரம் இருக்கிறது. ஆனாலும் கேபிள் வீட்டுக்கு வர வேண்டியது அரசாங்கத்தின் வேலை என்று ஒரு அரசாங்கம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. இங்கே நம்மிடம் 2024-இல் நிறைவேறிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. நமக்கென்று ஒதுக்கின பணம் வேற வேலைக்குப் போகாமல் நமக்கே செலவாக வேண்டும் என்பதற்காக வந்த சட்டம். அறுநூறு மீட்டர் கேபிளுக்கு அதில் இடமில்லை என்று யாராவது சொன்னால் எழுத்தில் சொல்லட்டும்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்க சேரியில் ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஊராட்சி அலுவலகத்துக்கு வந்த ஃபைபரை இரவுப் பாடசாலைக் கட்டடம் வரைக்கும் இழுக்க வேண்டும். பாடசாலையில் பிள்ளைகள் பயன்படுத்த அளவு வைக்கக் கூடாது. அங்கிருந்து வீடுகளுக்கு எடுத்தால் ஊர்த்தெருவில் என்ன கட்டணமோ அதே கட்டணம், முன்பணம் இல்லை. பொருள் பட்டியலில் இது இல்லை என்று செயலர் இப்போதே சொல்லிவிட்டார். அதனால் நூற்றுக்கும் மேல் கையெழுத்தோடு போகலாம் என்றிருக்கிறோம். நேற்று வரை அறுபத்துமூணு சேர்ந்திருக்கிறது. நோட்டு அந்த மேஜை மேல் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் மனுவை நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மீட்டர் கணக்கை மட்டும் உங்க ஊருக்கு அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.