கண்ணுக்குப் படாத கப்பல்தளம்



கலையும் வரலாறும் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். அகலமான தலைப்பு, சுற்றி வந்தே நேரத்தைக் கடத்திவிடலாம். அதனால் ஒரே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகரின் தென்கிழக்கு ஓரத்தில், விரிகுடாவுக்குள் நீண்டு கிடக்கும் ஹன்டர்ஸ் பாயின்ட். ஒரு காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்தளம்.

அங்கே போகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது ஒரு கிரேன். 1947இல் நிறுவியது, 450 டன் தூக்கும். 1959இல் மாதிரி போலாரிஸ் ஏவுகணைகளை மேலே செலுத்தி, கீழே விழாமல் இந்தக் கிரேனில் கட்டிய கம்பிவடங்களால் பிடித்துச் சோதித்தார்கள். கடற்படை 1974இல் தளத்தை மூடியது. 1983 முதல் ஓவியர்களும் சிற்பிகளும் காலிக் கட்டடங்களில் வாடகைக்கு வரத் தொடங்கினார்கள். விலை ஏறிக்கொண்டே போகும் அந்த நகரத்தில், தாங்கக்கூடிய வாடகையும் உயரமான சன்னல்களும் வேறு எங்கே கிடைக்கும்? காலப்போக்கில் சுமார் முன்னூறு கலைஞர்கள் வேலை செய்யும் இடமாயிற்று அது. எதிர்பார்த்தபடியே, அவர்கள் கிரேனை வரைந்தார்கள். துருவை, உடைந்த கண்ணாடியை, கப்பல் பழுதுபார்க்கும் உலர்துறையில் தேங்கிய நீரை வரைந்தார்கள். அழகான படங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் துரு எல்லாக் கப்பல்தளத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இந்தத் தளத்தில் மட்டும் நடந்தது எதுவோ அது துருவில் இல்லை.

இங்கே முதல் உலர்துறை 1860களின் இறுதியில் தனியாரால் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போர் நெருங்கியபோது கடற்படை இடத்தை வாங்கியது. லூசியானா, டெக்சாஸ் போன்ற தென்மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் கறுப்பினத் தொழிலாளர்கள் வேலை தேடி வந்து, பக்கத்துக் குன்றில் அவசரமாக எழுப்பிய குடியிருப்புகளில் தங்கினார்கள். 1945 ஜூலை 16 அன்று இண்டியானாபொலிஸ் என்ற போர்க்கப்பல் ஹிரோஷிமா குண்டின் பாகங்களை ஏற்றிக்கொண்டு இங்கிருந்துதான் புறப்பட்டது.

குண்டு இங்கிருந்து போனது. அதன் மிச்சமும் இங்கேயே திரும்பி வந்தது.

1946 ஜூலையில் பசிபிக் பெருங்கடலின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்தது. அதற்காக அத்தீவு மக்கள் 167 பேரை நான்கு மாதங்களுக்கு முன்பே வேறு தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பல்கள் தாங்குமா என்று பார்ப்பதற்காகத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கப்பல்களைக் காயலில் நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவது குண்டு ஜூலை 25 அன்று, நீருக்கடியில் 27 மீட்டர் ஆழத்தில் வெடித்தது. மேலே எழுந்த தண்ணீர் கதிரியக்கத்தோடு அந்தக் கப்பல்கள் மேல் இறங்கியது. மாலுமிகள் சோப்பும் காரமும் போட்டுத் தளத்தைத் தேய்த்தார்கள். போகவில்லை. பெயின்டிலும் துருவிலும் குழாய்களின் உட்புறத்திலும் அது ஒட்டிக்கொண்டது. மூழ்காதவற்றில் சில ஹன்டர்ஸ் பாயின்டுக்கு வந்தன. இங்கே அவற்றை மணல் வீசிச் சுரண்டினார்கள், அமிலம் விட்டுக் கழுவினார்கள். அந்த வேலையிலிருந்தே கடற்படையின் கதிரியக்கப் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இங்கே வளர்ந்தது. 1969 வரை நடந்தது.

இதை எப்படி வரைவது? கதிரியக்கத்துக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கிரேனுக்கு முன்னால் நிற்கிற ஓவியனுக்கு அது கண்ணில் படாது.

எனக்குத் தெரிந்து இதற்கு விடை கண்டவர் புரூஸ் கானர். சான் பிரான்சிஸ்கோவில் வாழ்ந்த கலைஞர், பிறர் எடுத்த படச்சுருள்களை வெட்டி ஒட்டிப் படம் செய்தவர். 1976இல் அவர் செய்த ‘கிராஸ்ரோட்ஸ்’ முழுக்க முழுக்க அந்த இரண்டாவது வெடிப்பைப் பற்றியது. அரசு நூற்றுக்கணக்கான கேமராக்களை வைத்துப் பதிவு செய்த காட்சிகளில் சிலவற்றை எடுத்து, ஒரே வெடிப்பைப் பல கோணங்களிலிருந்து, மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டினார். விளக்கக் குரல் இல்லை. முதல் பகுதிக்கு பேட்ரிக் கிளீசன் ஒலி சேர்த்தார், பிற்பகுதிக்கு டெரி ரைலி இசை. மொத்தம் 37 நிமிடம்.

முதல் முறை வெடிக்கும்போது நாம் மேகத்தைப் பார்க்கிறோம். மறுபடி மறுபடி வெடிக்கும்போது கண் தானாகக் கீழே இறங்குகிறது. நுரைச் சுவருக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகளாகக் கப்பல்கள் தெரிகின்றன. அவற்றை யார் கழுவப் போகிறார்கள் என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. ஹன்டர்ஸ் பாயின்ட் அந்தப் படத்தில் ஒரு நொடிகூட வராது. இருந்தும், அந்தக் கப்பல்தளத்தைப் பற்றிய மிகச் சிறந்த கலைப்படைப்பு அதுதான் என்பது என் முடிவு. மற்றவர்கள் தளத்தில் மிஞ்சியதைக் காட்டினார்கள். அவர் அங்கு வந்து சேர்ந்தது எது என்பதைக் காட்டினார்.

இதற்குத் துணையாக வைக்க வேண்டிய இன்னொரு படம் உண்டு. 1963இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் இந்தப் பகுதிக் கறுப்பின இளைஞர்களோடு பேசியதைப் பதிவுசெய்த ‘டேக் திஸ் ஹாமர்’. கப்பல்தளத்துக்கு வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள் அதில் வேலையின்மையையும் வீட்டு நிலைமையையும் பற்றிப் பேசுகிறார்கள். போர் முடிந்ததும் யாருக்கு என்ன மிஞ்சியது என்று அவர்கள் முகத்திலேயே தெரிகிறது.

நம்மில் சிலர் இது பழங்கதை என்று நினைக்கலாம். ஆனால் 1989இல் இந்த நிலத்தை அமெரிக்க அரசு மிகவும் நச்சேறிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது. சுத்தம் செய்யும் வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போயிற்று. சோதனைக்கு அனுப்ப வேண்டிய மண்ணுக்குப் பதிலாக நல்ல மண்ணை அனுப்பிய குற்றத்துக்காக 2018இல் இரண்டு மேற்பார்வையாளர்கள் சிறைத் தண்டனை பெற்றார்கள். கண்ணால் பார்க்க முடியாத விஷத்தில் ஏமாற்றுவது எவ்வளவு எளிது, பாருங்கள்!

கடைசியாக இன்னொரு படத்தைச் சொல்ல வேண்டும். பிக்கினியிலிருந்து வந்த கப்பல்களில் ஒன்று, விமானந்தாங்கிக் கப்பலான இண்டிபெண்டன்ஸ். அதை ஹன்டர்ஸ் பாயின்டில் வைத்து ஆராய்ந்துவிட்டு, 1951இல் ஃபாரலான் தீவுகளுக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தார்கள். 2015இல் ஒலியலைக் கருவி அதைப் படம் பிடித்தது: எண்ணூறு மீட்டர் ஆழத்தில், கவிழாமல், நிமிர்ந்தபடி உட்கார்ந்திருக்கிறது. எந்த ஓவியனும் தீட்டாத அந்தப் படத்தையும் இந்தத் தளத்தின் கலை வரிசையில் நான் சேர்ப்பேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த அரங்கில் திரைப்படச் சங்கத்து நண்பர்கள் பலர் இருக்கிறீர்கள். ‘கிராஸ்ரோட்ஸ்’ கைப்பேசியில் பார்க்கக்கூடிய படமல்ல. பெரிய திரையில், நல்ல ஒலியமைப்போடு, உரிய அனுமதி பெற்று அதை ஒருமுறை நம் ஊரில் திரையிடுங்கள். அதற்கு முன்பு, ஹன்டர்ஸ் பாயின்ட் என்ற பெயரைப் பார்வையாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள்; படத்தில் அது வராது.