கப்பல் வந்தும் கரை சேராத அரிசி



பேரிடர் நிதி பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கடைக்காரன். சரக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று மட்டும்தான் எனக்குப் பேசத் தெரியும்.

2004 டிசம்பர் 26 நமக்கு மறக்காது. பினாங்கு, கெடா கரைகளில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆச்சேயில் மெலாபோ என்ற ஊர் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே போகும் கடற்கரைச் சாலையையே அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. 2005 ஜனவரி 2ஆம் தேதி சிங்கப்பூர்க் கடற்படையின் 'எண்டூரன்ஸ்' கப்பல் அந்த ஊருக்கு எதிரே போய் நின்றது. சரக்கு இருந்தது, ஆள் இருந்தார்கள். இறக்க இடம்தான் இல்லை.

அந்தக் கப்பல் அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கரை உருமாறிவிட்டது, பழைய வரைபடத்தை நம்ப முடியாது. மிதக்கிற மரம் புரொப்பெல்லரில் சிக்கினால் படகு நின்றுவிடும். படகு ஒதுங்க இடம் தேடி, அதைச் சீர்செய்த பிறகுதான் அரிசி, மருந்து எல்லாம். லாரி போக வழியில்லாத இடத்துக்குச் சிமெண்ட் வாங்காதே என்று போலிடெக்னிக்கில் எங்கள் ஆசிரியர் சொல்வார். அதே கதைதான்.

இந்தியக் கடற்படையின் 'நிருபக்' கப்பலும் மெலாபோவுக்கு வந்தது. அது கடலின் ஆழத்தை அளக்கிற கப்பல். அவசரத்துக்கு அதையே ஆஸ்பத்திரியாக மாற்றி அனுப்பினார்கள். நாகப்பட்டினம் தன் மையித்துகளை அடக்கி முடிக்காத நேரம் அது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அப்போது எனக்கு 14 வயது. நம் தஞ்சோங் ரம்புத்தானில் வீடு வீடாகப் போய்த் துணி சேர்த்தோம். கம்பளிச் சட்டை, கல்யாணச் சேலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் வந்தன. "இதை நமக்கு யாராவது கொடுத்தால் உடுத்துவோமா?" என்று அத்தா கேட்டார். பாதி மூட்டைகள் எங்கள் கடைப் பின்கட்டிலேயே பல மாதம் கிடந்தன. 2018இல் பாலு நிலநடுக்கத்தின்போதும் கடை வாசலில் மூட்டைகள் வந்து இறங்கின.

ஆகவே நிர்வாகத்திடம் ஒன்று கேட்கிறேன். இந்த நிதி ரொக்கமாகவே இருக்கட்டும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போன் போட்டு, என்ன வேண்டும், எந்த வழியாக வரும் என்று கேட்போம். சாமான்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், கட்டி ஏற்ற என் லாரியோடு நான் வருகிறேன்.