கடலோட்டமும் எண்ணெய்க் கணக்கும்



தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளிப்பு ஒரு காலத்தில் பெருந்தொழிலாக விளங்கிற்று. 1961ஆம் ஆண்டிற்குப் பின் அது நடைபெறவில்லை. ஆயினும் அத்தொழிலில் நாம் கற்க வேண்டிய நல்வழக்கம் ஒன்றுண்டு. கரை சேர்ந்த சிப்பிகளை அன்றன்றே எண்ணிக் குவித்துப் பங்கிடுவர்; முத்துக்குளிப்போர் தமக்குரிய பங்கை அப்போதே பெற்றுச் செல்வர். கண்ணெதிரே எண்ணியதில் ஐயம் எழுவது அரிது.

இன்று விசைப்படகுத் தொழிலில் அவ்வாறு எண்ணப்பட வேண்டியது டீசலாகும். மீன் விற்ற பணத்தில் எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகிய செலவுகளை முதலில் கழித்து, எஞ்சியதையே உரிமையாளரும் தொழிலாளரும் பங்கிடுகின்றனர். ஆகவே எண்ணெய்க் கணக்கு என்பது கூலிக் கணக்கேயாகும். அது ஒருவர் நினைவில் மட்டும் இருக்குமாயின், பருவ முடிவில் மனக்கசப்பும் கடனுமே மிஞ்சும்.

கணக்கு வைப்பது கடினமன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், இயந்திரம் ஓடிய மணி, ஊற்றிய டீசல், விற்பனைத் தொகை என நான்கு பத்திகள் போதும். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் தொட்டியை ஒரே குறி வரை நிரப்புக. நிரப்பிய அளவே அன்றைய செலவாகும். உரிமையாளரும் தொழிலாளருள் ஒருவரும் அதில் கையொப்பமிடுதல் நன்று.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு படகு ஒரு பருவத்தில் 600 மணி நேரம் ஓடி 7,200 லிட்டர் டீசல் செலவிட்டதாகக் கொள்வோம். மணிக்கு 12 லிட்டர் ஆகிறது. அடுத்த பருவத்தில் 8,400 லிட்டர் செலவாயிற்று. குறை எங்கே? 700 மணி ஓடியிருந்தால் மணிக்கு அதே 12 லிட்டர்தான். இயந்திரத்தில் குறையில்லை, படகு கூடுதலாக ஓடியிருக்கிறது. 600 மணியே ஓடியிருந்தால் மணிக்கு 14 லிட்டர். இயந்திரத்தையும் சுழல் விசிறியையும் படகின் அடிப்பாகத்தையும் சோதிக்க வேண்டும். ஓடிய மணியை எழுதாதவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

படகின் அடியில் பாசியும் கொட்டலசும் படிந்தால் நீரின் தடை மிகும், எண்ணெய் வீணாகும். மிகுந்த வேகமும் அத்தகையதே. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், அதே தூரத்திற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மிச்சமாகும் என்பது பொறியியல் கணக்கு.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் உல்லாசப் படகுகளுக்கும் இம்முறை பொருந்தும். பிச்சாவரத்தில் துடுப்புப் படகுகளோடு மோட்டார் படகுகளும் ஓடுகின்றன. அத்தகைய படகு வாங்க எண்ணும் ஊரார், ஓர் ஓட்டத்திற்கு எவ்வளவு எண்ணெய் செல்லும் என்பதை அறிந்த பின்னரே கட்டணத்தை முடிவு செய்ய வேண்டும். ஆளின்றி ஓடிய ஓட்டத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

ஆண்டுக் கணக்கை முடிக்க ஏற்ற காலம் எது? மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக நமது கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் அந்நாட்களிலேயே புத்தகத்தையும் கூட்டிப் பார்க்கலாம்.

அக்காலத்தில்தான் மே முதல் நாள் கிராம சபையும் கூடுகிறது. கடலோர ஊராட்சிகளின் உறுப்பினர்கள் அன்று இம்முறையை மக்களுக்கு எடுத்துரைக்கலாம். தனியார் கணக்கை அவையில் வைக்கத் தேவையில்லை. கணக்கெழுதும் வழக்கத்தைப் பரப்பினால் போதும். டீசல் பம்பு செட்டு வைத்துள்ள உழவர்களும் இதே நான்கு பத்திகளை எழுதி, விற்பனைக்குப் பதில் பாய்ந்த நிலத்தைக் குறிக்கலாம்.

கடலின் விளைவு நம் கையில் இல்லை. செலவின் அளவு நம் கையில் உள்ளது. வரும் பருவத்தின் முதல் நாளிலேயே அதனை எழுதத் தொடங்குவோமாக.