புற்றுநோயை அழிக்கும் வைரஸ்: எதை நம்புவது?



மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருபவர்களில் சிலர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். "வைரஸைச் செலுத்தினால் கேன்சர் போய்விடுமாமே! பிறகு கீமோ எதற்கு?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லவே இன்று பேசுகிறோம்.

செய்தி முழுப் பொய்யல்ல. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு மரபணுக்களை நீக்கி, உடலின் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் ஒரு மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல செல் இந்த வைரஸைப் பெருக விடாது. புற்றுநோய் செல்லில் அந்தத் தடுப்பு குன்றியிருப்பதால், வைரஸ் உள்ளே பெருகி அதை வெடிக்கச் செய்கிறது. சிதறிய துணுக்குகளைக் கொண்டு நம் எதிர்ப்புச் சக்தியும் புற்றை அடையாளம் கண்டுகொள்கிறது. டி-வெக் என்ற இந்த மருந்தை 2015-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2021-இல் ஜப்பான், மூளைப் புற்றுக்கு இவ்வகை மருந்து ஒன்றை நிபந்தனையுடன் அனுமதித்தது.

வீடியோவில் சொல்லாததையும் கேளுங்கள். டி-வெக், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கான மருந்து. அறுத்து முழுவதும் அகற்ற முடியாத கட்டிக்குள் ஊசியாகப் போடுவார்கள். 436 பேரை வைத்து நடந்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களில் ஆறு மாதமாவது நீடித்த பலன் கண்டவர்கள் நூற்றுக்குச் சுமார் 16 பேர். மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்தல்ல. அதை நம்பி, நடக்கும் சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள்.

சென்ற ஆண்டு நம்மிடம் வந்த ஒரு தாய், மார்பில் இருந்த கட்டியை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கூச்சம் ஒருபுறம், மகனுக்குச் செலவு வைக்கிறோமே என்ற பயம் மறுபுறம். கடைசியில் வலி மாத்திரைக்கு மட்டுமே நம்மால் உதவ முடிந்தது. அல்லாஹ் அவருக்கு மறுமையில் நற்கூலி தருவானாக.

மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். துஆவும் செய்வோம், டாக்டரிடமும் போவோம். கட்டியோ ஆறாத புண்ணோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பிக்க உதவுகிறோம். பெண் மருத்துவரிடம் போகத் துணை வேண்டுமானால் நம் சகோதரிகள் உடன் வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.