பட்டாளத்தை வெளியேற்றிய ஏரிக்கரை ஊர்
(தொழிலாளர் படிப்பகத்தில் நிகழ்த்திய பேச்சு)



போன வாரம் ஒரு பஞ்சாலைத் தோழர், "மாயா ஜனங்கள் என்கிறார்களே, அவர்கள் அழிந்து போனவர்கள்தானே?" என்று என்னைக் கேட்டார். பத்திரிகைகளில் இடிந்த கோயில் படத்தைப் போட்டு, மர்மம் என்று எழுதுகிறார்கள் அல்லவா? அதனால் வந்த சந்தேகம். அவர்கள் அழியவில்லை. லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், நம்மைப் போலவே கூலிக்கு வேலை செய்கிறார்கள். அவர்களுடைய ஊர் ஒன்றைப் பற்றி இன்று சொல்லுகிறேன்.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்ற சிறிய நாடு. அதன் மலைப்பகுதியில், கடல் மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலே அதித்லான் என்னும் ஏரி. சுமார் 80,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய எரிமலை வெடித்துப் பூமி உள்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி உண்டானது. ஆழம் ஆயிரம் அடியையும் தாண்டும். தென்கரையில் மூன்று எரிமலைகள். அவற்றின் அடிவாரத்தில் சந்தியாகோ அதித்லான் என்ற ஊர். அங்குள்ளவர்கள் மாயா இனத்தில் ஒரு பிரிவினர். சுதுஹில் என்பது அவர்கள் மொழி. காலையில் அமைதியாக இருக்கும் ஏரி, மதியத்துக்கு மேல் பலத்த காற்றடித்துக் கொந்தளிக்கும். கரையில் வளரும் கோரையை அறுத்துப் பாய் முடைவார்கள்.

நெசவாளித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவ்வூர்ப் பெண்களுக்குத் தறி என்றால் சட்டமும் இல்லை, குழியும் இல்லை. பாவின் ஒரு முனையை மரத்திலோ தூணிலோ கட்டுகிறார்கள். மறுமுனையை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு மண்டியிட்டு உட்காருகிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் சரிந்தால் தளரும். நெய்பவளின் உடம்பே தறியில் ஓர் அங்கம். கை எட்டும் அகலத்துக்கு மேல் துணி வராது. ஆகவே துண்டுகளை இணைத்துத் தைத்து, மேலே பறவைகளைப் பூவேலையாகப் போடுகிறார்கள். தலையில் பல மீட்டர் நீளமுள்ள நாடாவை வட்டமாகச் சுற்றிக்கொள்வது இவ்வூர் வழக்கம். அப்படிச் சுற்றிய இவ்வூர்ப் பெண் ஒருத்தியின் முகத்தைத்தான் குவாத்தமாலாவின் 25 செண்டாவோ நாணயத்தில் அச்சடித்திருக்கிறார்கள். காசில் அவள் முகம் இருக்கிறது. காசு இருப்பது வேறு மடியில்.

1524-ல் பெத்ரோ தெ அல்வராதோ என்ற ஸ்பானியத் தளபதி வந்தான். பக்கத்து மாயா பிரிவினரான கக்சிக்கேல் மக்கள் பழைய பகையால் அவனோடு சேர்ந்து சுதுஹில்களைத் தாக்கினார்கள். ஜெயித்த பிறகு அவன் கூட்டாளிகளிடமே பொன் கொண்டா என்று நெருக்கினான். அவர்கள் தாங்க முடியாமல் கலகம் செய்தார்கள். சுதுஹில்கள் விளைவித்த கொக்கோ கப்பமாகப் போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பி வந்தது. மலைச்சரிவு நிலங்கள் தோட்ட முதலாளிகளிடம் போயின. ஆனால் அறுவடைக்கு ஆள் வேண்டுமே? முன்கடன் கொடுத்துப் பிடித்தார்கள். 1934-ல் உபிகோ என்ற சர்வாதிகாரி கடன் அடிமையை ஒழித்தேன் என்று சொல்லிவிட்டு, நாடோடிச் சட்டம் என்று வேறொன்று கொண்டுவந்தான். நிலமில்லாதவன் வருஷத்துக்கு 150 நாள், கொஞ்சம் நிலம் உள்ளவன் 100 நாள் தோட்டத்தில் உழைக்க வேண்டும். உழைத்த நாளைக் கையேட்டில் பதிய வேண்டும். ஏடு இல்லாவிட்டால் சிறை. நாள் முழுவதும் பாடுபடுகிறவனுக்குச் சட்டம் வைத்த பெயர், நாடோடி!

1944-ல் மக்கள் எழுந்து உபிகோவைத் துரத்தினார்கள். 1952-ல் ஜனாதிபதி ஆர்பென்ஸ் தரிசாகக் கிடந்த பெரும் பண்ணை நிலங்களை எடுத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார். யுனைடெட் புரூட் கம்பெனி நிலத்துக்கு, கம்பெனி வரிக்காகக் காட்டியிருந்த மதிப்பையே நஷ்டஈடாகத் தருவதாகச் சொன்னார். வரியைக் குறைக்கக் காட்டிய பொய் மதிப்பு அவர்கள் தலையிலேயே விடிந்தது. 1954 ஜூனில் அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஏற்பாடு செய்த கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் பதவி இழந்தார். நிலம் திரும்பப் பறிக்கப்பட்டது.

பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டு யுத்தம். மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் சுமார் 2,00,000 பேர். பெரும்பாலோர் மாயா மக்கள். அதித்லானுக்கு 1980-ல் ராணுவம் வந்து, ஊரை அடுத்த பானபாஹ் என்ற இடத்தில் முகாம் போட்டது. இரவில் ஆட்கள் மறைந்தார்கள். ஸ்டான்லி ரோதர் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1968 முதல் அங்கே இருந்தார்; ஜனங்களின் மொழியைக் கற்றவர். போய்விடுங்கள் என்று எச்சரித்தும், போனவர் திரும்பி வந்தார். 1981 ஜூலை 28-ல் சுட்டுக் கொன்றார்கள். நமக்கும் பாதிரிமார்களுக்கும் வெகு தூரம், தோழர்களே. ஆனாலும் இவரை நான் மரியாதையோடுதான் சொல்லுகிறேன். உடலைச் சொந்த நாட்டுக்கு அனுப்பிய ஜனங்கள், இருதயத்தைத் தங்கள் கோயிலிலேயே புதைத்து வைத்துக்கொண்டார்கள்.

1990 டிசம்பர் 1 இரவு, குடித்த சிப்பாய்கள் ஊருக்குள் புகுந்து அட்டகாசம் செய்தார்கள். கோயில் மணி அடித்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு, வெள்ளைக்கொடி பிடித்து, கையில் ஆயுதமில்லாமல் முகாமை நோக்கி நடந்தார்கள். ஊர்த் தலைவரும் கூட வந்தார். பேசத்தான் வந்தார்கள். விடிவதற்குள் ராணுவம் சுட்டது. பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

ஊர் அடங்கிப் போகவில்லை. ராணுவம் வெளியேற வேண்டும் என்று மனு எழுதினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் கையெழுத்திட, தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைத்தார்கள். பல்லாயிரம் பேர்! மூன்றே வாரம், டிசம்பர் 20-ல் பட்டாளம் மூட்டை கட்டியது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு மாயா ஊர் ராணுவத்தை வெளியே அனுப்பியது. பிறகு ஊர்க்காவலைத் தாங்களே முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

2005 அக்டோபர் 5-ல் பெருமழையில் எரிமலைச் சரிவு கரைந்து, அதே பானபாஹ் சேற்றில் புதைந்தது. உறங்கிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கானோர் எழவில்லை. உடல்களைத் தோண்டி எடுக்க அரசாங்கம் சிப்பாய்களை அனுப்பியது. வேண்டாம் என்று ஊரார் தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, மண்வெட்டியை எடுத்துத் தாங்களே தோண்டத் தொடங்கினார்கள்.