'நைஸ்' என்னும் ஒரு சொல்



தில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நாம், வீட்டிற்குள் தமிழும், வீதியில் அவ்வூர் மொழியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசிக் காலங்கழிக்கிறோம். இம்மூன்று இடங்களிலும் நம்மைத் தடுமாறச் செய்யவல்ல ஒரு சிறு சொல்லைப் பற்றி இன்று சிந்திப்போம். 'நைஸ்' என்பதே அச்சொல்.

இட்லிக்கு உளுந்தை நைஸாக அரைக்க வேண்டும் என்கிறோம். புடைவையைத் தடவிப் பார்த்து, நைஸாக இருக்கிறது என்கிறோம். கூட்டத்திலிருந்து ஒருவர் பிறர் அறியாவண்ணம் அகன்றால், நைஸாக நழுவிவிட்டார் என்கிறோம். காரியம் ஆகும்பொருட்டு ஒருவரிடம் குழைந்து பேசுவதோ 'நைஸ் பண்ணுவது'. நான்கிலும் உள்ளது ஒரே கருத்துத்தான்: நெருடல் இன்மை. 'நையப் புடைத்தல்' என்னும் நம் வழக்கோடு ஒலியால் நெருங்கி நிற்பதாலோ என்னவோ, இது நமக்கு அயற்சொல்லாகவே தோன்றுவதில்லை.

ஆனால், வீட்டு வாயிலைத் தாண்டினால் இப்பொருள் செல்லாது. தில்லியில் மாவு அரைக்கும் சக்கிக்குச் சென்று, கோதுமையை நைஸாக அரைத்துத் தருக என்றால் கடைக்காரர் விழிப்பார். 'பாரீக்' என்றால் உடனே புரிந்துகொள்வார். நம் குழந்தைகளின் பாடு இன்னும் சங்கடம். பள்ளியில் 'நைஸ்' என்றால் நல்லது, இனியது என்று கற்ற பேரன், ஊரிலிருந்து வந்த பாட்டியார் "நைஸ் பண்ணாதேடா" என்று அதட்டும்போது, நல்லபடி நடந்துகொள்வதும் குற்றமோ என்று திகைக்கிறான். ஒலி ஒன்றாயினும் சொற்கள் இரண்டு என்பதை அவனுக்கு எந்தப் பாடநூலும் கூறாது. நாம்தான் கூற வேண்டும்.

இனி, ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைக் காண்போம். இதன் மூலம் இலத்தீன் மொழியில் 'நெஸ்கியுஸ்' என்பது. 'அறியாதவன்' என்று பொருள். அறிதலைக் குறிக்கும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான் 'சயன்ஸ்'. அறிவியலும் அறியாமையும் ஒரு தாய் மக்களாய் அமைந்த வேடிக்கை இது! பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தபோது, 'நைஸ்' என்றால் மூடன் என்றே பொருள். பின்னர் கூச்சமுள்ளவன், எளிதில் திருப்தியுறாதவன், நுணுக்கம் பார்ப்பவன் என்று படிப்படியாக மாறிற்று. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி நுட்பம், துல்லியம் என்னும் பொருளையே முன்வைக்கிறது. இனியது என்னும் இன்றைய பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வேரூன்றியது. நம் 'நாற்றம்' இதற்கு நேர்மாறாக, நறுமணத்திலிருந்து இறங்கித் துர்க்கந்தமானதை நாம் அறிவோம். நம் அம்மிக்கல்லருகே வழங்கும் 'நைஸ்', இன்றைய ஆங்கிலேயர் பேச்சைவிட ஜான்சனின் அகராதிக்கே அண்மையில் நிற்கிறது என்பது நமக்குச் சற்றுப் பெருமைதான்.

அப்பழம்பொருள் ஆங்கிலத்திலும் அடியோடு மறையவில்லை. சட்ட விவாதத்தில் 'நைஸ் கொஸ்சன்' என்றால் இனிய வினா அன்று. இழை பிரித்துப் பார்க்க வேண்டிய நுட்பமான வினா. நாம் எழுதிய குறிப்பின் ஓரத்தில் மேலதிகாரி 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று எழுதினால், பாராட்டு என்று மகிழுமுன் மறுமுறை படித்தல் நலம். வேறுபாடு மிக நுண்ணியது என்று மட்டுமே அவர் கூறியிருக்கலாம்.

மற்றொன்று, வேலை தேடும் இளைஞர்க்கு முக்கியமானது. நற்சான்றுக் கடிதத்தில் ஒருவரை 'நைஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்துவது வலுவற்ற புகழ்ச்சி. சொல்லத்தக்க திறமை வேறெதுவும் இல்லை போலும் என்று படிப்பவர் எண்ண இடமுண்டு. நேர்மையானவர், உழைப்பாளி, கணக்கில் தேர்ந்தவர் என்று குணத்தைப் பெயர் சொல்லிக் குறிக்குமாறு கடிதம் தருபவரை வேண்டிக்கொள்ளலாம்.

குரலையும் கவனிக்க வேண்டும். காரியத்தைக் கெடுத்தவனிடம் "நல்ல வேலை செய்தாய்!" என்று நாம் சொல்வதுபோல, ஆங்கிலேயரும் 'நைஸ்' என்பதை இழுத்துச் சொல்லிக் குத்திக்காட்டுவர். மேலும், ஒருவரை முதன்முறை காணும்போது 'நைஸ் டு மீட் யூ' என்பதும், முன்பே பழகியவரை மீண்டும் காணும்போது 'நைஸ் டு சீ யூ' என்பதும் வழக்கம். நேற்று அறிமுகமான அண்டை வீட்டுக்காரரிடம் இன்றும் 'மீட்' என்றால், நேற்றைய சந்திப்பை நாம் மறந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொள்வார்.