மருத்துவக் காப்பீடும் வேலைத் தேர்வும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சு ஊர்தோறும் கேட்கிறது. கூடுதல் கூலிக்காக வெளியூர் செல்வோர் ஒரு பகுதியினர். வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றதும் கரும்பு வெட்டு மேஸ்திரியிடமோ, செங்கல் சூளையிலோ முன்பணம் வாங்கிவிட்டு, அது கழியும்வரை அங்கேயே உழைப்போரும் உண்டு. இவர்கள் வேலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. கடன்தான் இவர்களுக்கு வேலையைத் தேர்ந்தெடுத்தது.

முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாய வேலை வாங்குவது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆயினும், முன்பணம் வாங்கும் தேவையையே குறைப்பது மேலானது. அதற்கு உதவுவது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் தொடங்கிய இத்திட்டம், 2018இல் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, அங்கீகாரம் பெற்ற அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிப் பெறலாம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். இந்த அட்டை வேலைக்கு உரியதன்று, குடும்பத்துக்கு உரியது. வயல் வேலையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனாலும், மீண்டும் வயலுக்கே திரும்பினாலும் அட்டை கூடவே வரும். ஆகவே, ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பயந்து பிடிக்காத வேலையில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கு வாங்கும் மாத்திரைக்கும், படுத்த நாட்களில் இழந்த கூலிக்கும் இந்த அட்டை பணம் தராது. ஆலை வேலையில் ஈ.எஸ்.ஐ. இருந்தால், சம்பளத்தில் சிறு பிடித்தம் உண்டு. பதிலுக்குப் புறநோயாளி சிகிச்சையும், நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டில் 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியமும் கிடைக்கும். எனவே ஆலைக்குப் போகுமுன் கூலியை மட்டும் விசாரியாமல், ஈ.எஸ்.ஐ. உண்டா என்றும் கேளுங்கள்.

நோய் வந்தபின் அலைய வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரை அணுகி வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் இப்போதே பதிவு செய்யுங்கள்.

நிலமுடைய நண்பர்களே, உங்கள் வயலில் இறங்கும் ஒவ்வொருவரிடமும் "காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுக்க உதவுங்கள். கடன்பட்டு ஊரை விட்டுப் போகாதவர் அடுத்த நடவுக்கும் உங்கள் வயலில் இருப்பார்.